பிர்சா முண்டா

பிறந்த மண்ணைப் பிரிந்து சாந்திபுரத்தில் குடியேறியவர்கள் நாம். பிறந்த மண்ணில் இருந்துகொண்டே அதனை இழந்தோரின் துயரமோ நம்முடையதினும் கொடிது.

அத்தகைய முண்டா பழங்குடியில், இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்து உலிகாட்டு என்னும் சிற்றூரில், 1875ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிர்சா பிறந்தார். வறுமை மிகுதியால் பெற்றோர் அவரைத் தாய்மாமன் ஊருக்கு அனுப்பினர். அங்கே சிற்றன்னை ஜோனி அவர்மீது உயிரையே வைத்திருந்தார். மணமாகிப் புகுந்த வீடு சென்றபோதும் பிள்ளையைப் பிரிய மனமின்றி உடன் அழைத்துச் சென்றார். இத்தகைய அன்பு நம்மவரிடையேயும் அரிதன்றோ! ஆடு மேய்ப்பதும் குழலூதுவதுமாக அவரது இளமை கழிந்தது.

முண்டாக்கள் காடு திருத்தி உண்டாக்கிய நிலம் குலத்தார்க்குப் பொதுவாயிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீன்தாரும் வட்டிக்காரரும் அதனைக் கவர்ந்தனர். உரியவர்கள் கூலியில்லா வேலைக்கு ஆளாயினர். பிர்சா அவர்களைத் திரட்டினார். 1895இல் கைதாகி இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். விடுதலையான பின்னரும் ஓய்ந்தாரில்லை. 1899 டிசம்பரில் பெருங்கிளர்ச்சி மூண்டது. அம்பும் கோடரியுமே அவர்தம் படைக்கலங்கள். 1900 ஜனவரி 9ஆம் நாள் சைல் ரகப் குன்றில் அரசுப் படை சுட்டது. மாண்டோருள் பெண்டிரும் இருந்தனர். பிப்ரவரியில் பிடிபட்ட பிர்சா, ஜூன் 9ஆம் நாள் ராஞ்சிச் சிறையில் உயிர் நீத்தார். காலரா நோய் என்றனர் அரசினர். அப்போது அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை.

பழங்குடியினர் நிலம் பிறர் கைக்கு மாறுவதைக் கட்டுப்படுத்தும் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் 1908ஆம் ஆண்டில் வந்தது. ஜார்க்கண்டு மாநிலம் 2000ஆம் ஆண்டில் அவர் பிறந்த நாளன்றே உதயமாயிற்று.