தோல் அறிவியலர் நாயுடம்மாவின் தலைமையும் தொலைநோக்கும்: வேலூர், ஆம்பூர் தோல் தொழிற்பகுதியை முன்வைத்து

சங்க இலக்கியம் பயில்வோர்க்கு ஆவிரை மடலேறும் தலைவன் சூடும் மலர். குறிஞ்சிப்பாட்டின் மலர்த்தொகுதியிலும் அதற்கு இடமுண்டு. பாலாற்றங்கரையின் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலோ ஆவாரை என்றதும் நினைவுக்கு வருவது அதன் பட்டையே. தோலைப் பதனிடும் துவர்ப்புச்சத்து அப்பட்டையில் உள்ளது. ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் ஊறிப் பதமான தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரில் சென்னைத் துறைமுகம் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றது. கைப்பழக்கமாக நிலவிய இத்தொழிலையும் ஆய்வுக்கூடத்தையும் ஒரே அவையில் அமர்த்த முயன்றவர் எலவர்த்தி நாயுடம்மா. அவருடைய வாழ்க்கையைத் தலைமைப் பண்பு, தொலைநோக்கு ஆகிய இரண்டின் வழி இக்கட்டுரை அணுகுகிறது.

1922இல் ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்த நாயுடம்மா, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வேதித்தொழில்நுட்பம் பயின்றார். பின்னர்ச் சென்னையில் தோல் தொழில்நுட்பத் துறையில் சேர்ந்தார். தோலைத் தொடுவதே இழிவெனச் சாதிச் சமூகம் ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் நிலவுடைமைக் குடியில் பிறந்த ஒருவர் அதனை வாழ்நாள் துறையாக ஏற்றது எளிய முடிவன்று. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், அடையாற்றில் 1948இல் தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியேற்றார்.

அந்நிறுவனத்தின் முதல் இயக்குநரான பி.எம். தாஸ் 1950இல் இந்தியத் தோல் தொழில்நுட்பவியலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர். துறையறிஞர்களை ஓர் அமைப்பாகத் திரட்டியது தாஸின் பணி எனலாம். 1958 முதல் 1971 வரை இயக்குநராக விளங்கிய நாயுடம்மா அவ்வட்டத்தை விரித்தார். ஆண்டுதோறும் ஆலை உரிமையாளரும் ஆய்வாளரும் அடையாற்றில் கூடிப் பேசும் சந்திப்பு அவர் காலத்தில் வேரூன்றியது. இன்றும் அது தொடர்கிறது. தொழில் இரகசியத்தை மகனுக்கன்றிப் பிறர்க்குச் சொல்லாத குடும்பங்களை அவ்வவையில் வாய்திறக்கச் செய்ததையே அவருடைய தலைமையின் சிறப்பாகக் கருத இடமுண்டு. தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு பல்கலைக்கழகத்தோடு இணைந்து நிறுவன வளாகத்திலேயே நடந்தமையால், மாணவர் ஆலையை அறிந்தே பட்டம் பெற்றனர்.

பாதி பதனிட்ட தோலை விற்று, பிறர் அதனைக் காலணியாக்கி ஈட்டும் ஊதியத்தைப் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது என்பது அவர் கொண்ட நிலைப்பாடு. சீதாராமையா குழு 1972இல் அளித்த பரிந்துரையை ஒட்டிப் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதன்பின் ஆம்பூர் காலணி ஊராக வளர்ந்தது. அப்போது நாயுடம்மா அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராக இருந்தார் (1971–1977). ஒரு மாவட்டத்தின் தேவைகளை அறிவியலர் நேரில் கண்டறிய வேண்டுமென்று அவர் தொடங்கிய கரீம்நகர்த் திட்டம் இப்பதவிக் காலத்தது. 1981–82இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். 1985 ஜூன் 23 அன்று கனடாவிலிருந்து வந்த ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக் கடலருகே வெடித்துச் சிதறியதில் இறந்த 329 பேருள் அவரும் ஒருவர்.

அவருடைய தொலைநோக்கின் குறை பாலாற்றில் தெரிந்தது. ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமிய உப்புப் பெரிதும் பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் நடந்த பதனம் மணிக்கணக்கில் முடிந்தது. கழிவுநீரின் தன்மையும் மாறியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பாழானதையும் சுட்டி, ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் நிலைபெற இத்தீர்ப்பு துணைநின்றது. இப்பழி முழுவதையும் நாயுடம்மாவின் மேல் ஏற்றுதல் முறையாகாது. எனினும் ஆலையரும் அறிஞரும் கூடிய அவ்வவையில், ஆற்றுநீரை நம்பிய உழவருக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய தொழிலாளருக்கும் இருக்கை இல்லை. தோல்ஷாப்புத் தொழிலாளரின் வாழ்வைத் தமிழில் அறிய நாம் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலையே நாட வேண்டியுள்ளது. அதுவும் திண்டுக்கல்லைக் களமாகக் கொண்டது.

நீரின்றிக் குரோமியம் ஏற்றும் முறையை அடையாற்று நிறுவனம் பிற்காலத்தில் உருவாக்கியிருப்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் பச்சைத்தோல் அழுகாதிருக்கத் தூவும் உப்பு, ஊறவைக்கும்போது நீரில் கரைந்துவிடுகிறது. வழக்கமான சுத்திகரிப்பில் அது பிரிவதில்லை. தோல் தொழில்நுட்பவியலாளர் சங்கங்கள் இனி முன்னெடுக்க வேண்டிய முதற்பணி அவ்வுப்பைக் குறித்ததே.