ஓய்வுக்குப் பின்னரும் ஓயாத தமிழ்த்தவம்

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், வரதராஜன்பேட்டை, உடையார்பாளையம் எனத் தொடரும் செம்மண் சீமை, பெரியார் ஒருவரின் பிள்ளைப் பருவத்தோடு நெருங்கிய தொடர்புடையது. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களே அப்பெரியார். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் தோன்றிய அவர், இசைவாணராகிய தந்தையாருடன் அரியலூர், குன்னம் முதலிய ஊர்களில் வளர்ந்தார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடங்கேட்டார். அந்நூலை இயற்றிய அமிதசாகரர் சமண முனிவர் என்பது நம்மவர் அறிந்ததே. இங்ஙனம் அவருடைய இளமைக் கல்வியிலேயே சமணச் சான்றோரின் தமிழ் கலந்துவிட்டது.

பின்னர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார். நூலின் கருத்துகள் விளங்காமல் இடர்ப்பட்ட நிலையில், அவ்வூர்ச் சமண இல்லங்களை நாடிச் சென்றார். பிற சமயத்தவர் என்று கருதாது நம் முன்னோர் அவரை வரவேற்று, சமய நுணுக்கங்களை எடுத்துரைத்தனர். அவரும் மாணாக்கர்போல் அடங்கியிருந்து கேட்டார். அதன் பயனாக 1887இல் சிந்தாமணி அச்சேறியது. இவ்வரலாற்றை நம் இல்லங்களில் பலரும் அறிவர். ஆயினும் அவருடைய முதுமைப் பருவம் அத்துணை பேசப்படுவதில்லை. நமக்கு இன்று பெரிதும் வேண்டுவது அப்பருவத்தின் பாடமே.

1903 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய ஐயர், 1919இல் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. பட்டமும் புகழும் வந்து சேர்ந்திருந்தன. இனி எதற்கு உழைப்பு என்று அவர் அமர்ந்திருந்தால் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும் வீட்டில் அவிழ்க்கப்படாத ஏட்டுக் கட்டுகள் காத்திருந்தன. ஓலைக்கும் உடலுக்கும் நாள் குறைந்துகொண்டே வருவதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

ஓய்வுக்குப் பின் அவர் செய்த பெரும்பணிகளுள் ஒன்று, சமணச் சான்றோராகிய கொங்குவேளிரின் பெருங்கதையை 1924இல் வெளியிட்டமையாகும். முதலும் இறுதியும் இழந்து நின்ற அந்நூலை, கிடைத்த அளவிலேனும் உலகுக்கு ஈந்தார். அதே ஆண்டில் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைமையை ஏற்று, 1927 வரை இளைஞர்களுக்குப் பாடம் சொன்னார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்துப் போற்றியது. 1937இல், எண்பத்திரண்டாம் வயதில், குறுந்தொகைக்குத் தாமே உரை வரைந்து பதிப்பித்தார்.

இவற்றினும் வியக்கத்தக்கது, முதுமையில் அவர் மேற்கொண்ட புதிய துறை. வாழ்நாளெல்லாம் பழம்பாடல்களோடு பழகியவர், எளிய உரைநடையில் பொதுமக்களுக்காக எழுதலானார். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்தது 1876இல். ஐம்பத்தேழு ஆண்டுகள் நெஞ்சிற் சுமந்த குருபக்தி நூலுருப் பெற்றது. 1940இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார். நூல்களைத் தேடியவர், இப்போது தம் நினைவின் ஏடுகளைப் புரட்டினார். தமக்கு உதவிய சிறியோரையும் பெரியோரையும் அதில் மறவாது போற்றினார். கும்பகோணத்துச் சமண அன்பர்களும் அந்த நன்றியில் இடம்பெற்றனர்.

உலகப் போரின் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று தங்கியிருந்தபோது, 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தார். மணிமேகலைப் பதிப்பை (1898) அடுத்த காலத்தோடு சுயசரிதம் நின்றுபோயிற்று. பிந்திய நாற்பது ஆண்டுகளின் வரலாற்றை அவர் வாய்மொழியாக அறியும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. இவ்வளவு உழைத்தவருக்கே காலம் போதவில்லை என்றால், நாம் நாளை நாளை என்று தள்ளுவது தகுமா?

ஸ்வாத்யாயத்தை அகத்தவங்களுள் ஒன்றாகவும், சாஸ்திர தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகவும் நம் அறநூல்கள் வகுத்துள்ளன. கற்பது தவம், கற்றதை அளிப்பது தானம். பிற சமயத்திற் பிறந்த ஐயர், இவ்விரண்டையும் இறுதிவரை செய்து காட்டினார்.

பணி ஓய்வு பெற்ற நம் பெரியோர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். வீட்டுப் பரணில் பழைய ஏடோ கையெழுத்துப் படியோ இருப்பின் அதனை எடுத்துத் துடைத்துப் பாதுகாக்கலாம். குடும்ப வரலாற்றையும், பாட்டிமார் சொன்ன கதைகளையும், ஊர் ஜினாலயத்தின் வழக்கங்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். மாலையில் பேரக்குழந்தைகளை அருகே அமர்த்தி நாலடியார் சொல்லிக்கொடுக்கலாம். இளையவர்களோ, பெரியவர்கள் சொல்லும்போது கேட்க நேரம் ஒதுக்குதல் வேண்டும். அன்று கும்பகோணத்தில் நம்மவர் சொன்னதை ஐயர் அமர்ந்து கேட்டதனாலன்றோ சிந்தாமணி நம் கைக்கு வந்தது!