குளிரைத் தேடிப் போன கலெக்டர்

கோவையில் சித்திரை வெயில் கொளுத்தும்போது நமக்கெல்லாம் ஊட்டி நினைவு வருகிறது. அந்த ஊட்டியை ஊராக்கியவர் கோவையில் கலெக்டராக இருந்த ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் ஜான் சல்லிவன்.

வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடி மலை ஏறினார்கள் வெள்ளைக்காரர்கள். ஏறிய பிறகு வேறொரு கவலை வந்தது. பெரிய பெரிய வீடுகளைக் கட்டிவிட்டார்கள். அவற்றைச் சூடாக்குவது எப்படி? எதை எரித்தால் செலவு குறையும்?

இந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடை நீலகிரியின் தோற்றத்தையே மாற்றிவிட்டது!

15 வயதில் வேலை

சல்லிவன் 1788-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். 15 வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து 1815-ல் கோவை கலெக்டர் ஆனார்.

அப்போது நீலகிரி தனி மாவட்டம் அல்ல. கோவையோடு சேர்ந்திருந்தது. மேலே தோடர், கோத்தர், குறும்பர், படகர் முதலிய மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தார்கள். ஆனால் கம்பெனி அதிகாரிகளுக்கு அந்த மலை ஒரு புதிராகவே இருந்தது.

1818-ல் சல்லிவனின் உதவி அதிகாரிகள் இருவர் மலை ஏறித் திரும்பினார்கள். மேலே குளுகுளு என்று இருக்கிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு, 1819 ஜனவரியில், சல்லிவனே புறப்பட்டுவிட்டார்!

மலை அவர் மனதைக் கொள்ளைகொண்டது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு பங்களா கட்டினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை போடச் செய்தார். 1822-ல் ஊட்டியில் கல்லால் ஒரு பெரிய வீடு கட்டத் தொடங்கினார். ஊர் மக்கள் அதற்குக் 'கல் பங்களா' என்று பெயர் வைத்தார்கள். ஊட்டி ஏரியும் அவர் முயற்சியால் வெட்டப்பட்டதுதான்.

நடுக்கும் குளிர்

ஊட்டி ஏறக்குறைய 7,300 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இரவில் உறைபனி விழும். விடிந்து பார்த்தால் புல் மீது உப்பைத் தூவியதுபோல் வெள்ளையாக இருக்கும்.

அந்தக் குளிரில் தோடர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அவர்களுடைய குடிசையைப் பாருங்கள். மூங்கிலையும் பிரம்பையும் வில்போல் வளைத்து, மேலே புல் வேய்ந்திருப்பார்கள். கூரை தரையைத் தொடும்படி இறங்கியிருக்கும். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும், வாசல் அவ்வளவு சிறியது! ஜன்னல் கிடையாது. உள்ளே ஓர் அடுப்பு. நாலு சுள்ளி எரிந்தால் போதும், குடிசை முழுவதும் சூடாகிவிடும். புகை கண்ணைக் கரிக்கும் என்பது உண்மை. ஆனால் விறகுச் செலவு மிகக் குறைவு.

துரைமார்களின் பங்களா இதற்கு நேர்மாறு. பெரிய அறைகள், உயர்ந்த கூரை, அகன்ற ஜன்னல்கள். அறையின் சுவரில் கணப்பு அடுப்பு. அதற்கு மேலே புகைபோக்கி.

இந்தக் கணப்பில் ஒரு பெரிய குறை உண்டு. புகையோடு சேர்ந்து சூட்டின் பெரும்பகுதியும் மேலே போய்விடும். போகிற காற்றுக்குப் பதிலாக, கதவு இடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே வரும். அடுப்புக்கு முன்னால் இருப்பவருக்கு முகம் சுடும், முதுகு நடுங்கும்! எனவே வண்டி வண்டியாக விறகு எரிந்தது.

அருகில் இருந்த விறகு

நிலக்கரி கொண்டுவரலாமே என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் மலைக்கு ரயில் கிடையாது. ஊட்டிக்கு ரயில் வந்தது 1908-ல்தான். மலைக்கு ரயில் வரும் முன்பு எல்லாச் சாமானும் மாட்டு முதுகிலும் மனிதர் தலையிலும் வண்டியிலும் ஏற வேண்டும். கூலியே பொருளின் விலையை விழுங்கிவிடும்.

ஆகவே, செலவு குறைந்த வழி பக்கத்துக் காட்டை வெட்டுவதுதான் என்று ஆயிற்று. புல்வெளிகளுக்கு நடுவே, மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் காடுகளுக்குச் சோலை என்று பெயர். சோலை மரம் மெல்ல மெல்லத்தான் வளரும். வெட்ட ஒரு நாள் போதும், வளர ஒரு மனிதனின் ஆயுள் போதாது! ஊர் பெருகப் பெருக, ஊட்டியைச் சுற்றியிருந்த சோலைகள் கரைந்தன.

பிறகு, வேகமாக வளரும் மரங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து தருவித்தார்கள். சீகை மரம் வந்தது. 1843-ல் கற்பூர மரம் வந்தது. வெட்டினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் மரம் அது. 1860-களில் விறகுக்காகவே தோப்புகள் போட்டார்கள். விறகுப் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் அந்த மரங்கள் புல்வெளிகளின் மேல் படர்ந்துவிட்டன.

மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, ஓடைகளில் மெல்லக் கசியவிடுபவை சோலையும் புல்வெளியும்தான். அந்த ஓடைகள் சேர்ந்துதான் பவானிக்கும் மோயாற்றுக்கும் தண்ணீர் வருகிறது. மலைமேல் அடுப்பு எரிந்ததற்கும் கோபிச்செட்டிப்பாளையத்து நெல் வயலுக்கும் உறவு உண்டு!

கலெக்டரின் கடைசி நாட்கள்

காடு அழிந்ததற்குச் சல்லிவன் ஒருவர் மேல் பழி போடுவது நியாயம் அல்ல. மலை நிலம் தோடர்களுக்கு உரியது, அதை எடுப்பவர் அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கத்தோடு வாதாடியவர் அவர்.

அவர் ஆசைப்பட்ட மலை அவருக்குத் துயரத்தையும் தந்தது. 1838-ல் மனைவி ஹென்ரியட்டா இறந்துபோனார். மகளும் இறந்தாள். ஊட்டி செயிண்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் இருவருக்கும் கல்லறை இருக்கிறது. 1841-ல் சல்லிவன் இந்தியாவை விட்டுப் போனார். 1855-ல் இங்கிலாந்தில் காலமானார். கணவரின் கல்லறை ஒரு நாட்டில், மனைவியின் கல்லறை வேறு நாட்டில்!

கல் பங்களா இன்றும் ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அந்நிய மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்கும் வேலையும் நடந்துவருகிறது. 10 ஆண்டுகளில் வளர்ந்த மரத்தை அகற்றிவிடலாம். சோலை திரும்ப எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டுமோ!

வீட்டுக்கு அடுப்பு வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம். அது எவ்வளவு எரிக்கும், எரிபொருள் எங்கிருந்து வரும் என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைக்கு மலிவாகத் தோன்றுவதற்குப் பேரன் பேத்திகள் விலை கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது.