செம்முடி இசைக்குரு விவால்டி

இசைக்கு மயங்காதார் யார்? தொட்டிலில் அழும் குழந்தையும் தாலாட்டைக் கேட்டுத் துயில்கிறது. அத்தகைய இசைக்கே தம் வாழ்நாளை ஈந்த ஒருவர், இறந்தபின் ஏறத்தாழ 200 ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்து, மீண்டும் புகழொளி பெற்றார். அவரே அந்தோனியோ விவால்டி. அவருடைய வாழ்வைச் சிறிது காண்போம்.

இளமை

தெருக்களுக்குப் பதிலாகக் கால்வாய்கள் ஓடும் அழகிய நகரம் வெனிஸ். இத்தாலியிலுள்ள அந்நகரில் 1678-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் விவால்டி பிறந்தார். குழந்தை பிழைக்குமோ என்ற அச்சத்தால், அன்றே மருத்துவச்சி வீட்டில் வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். முடிதிருத்தும் தொழில் செய்துவந்த தந்தை, பின்னர் புனித மாற்கு ஆலய இசைக்குழுவில் வயலின் வாசிப்பவரானார். தந்தையின் கலை மகனுக்கும் வந்தது.

விவால்டி 1703-இல், தம் 25-ஆம் வயதில், குருப்பட்டம் பெற்றார். அவருடைய தலைமுடி செந்நிறமானது. ஆகவே ஊரார் அவரைச் செம்முடிக் குரு என்றே அழைத்தனர். ஆனால் பிறந்த நாள்முதல் அவரை வாட்டிய மார்பு நோய் விடவில்லை. மூச்சுத் திணறலால், சில ஆண்டுகளிலேயே திருப்பலி நிறைவேற்றுவதை அவர் நிறுத்த நேர்ந்தது.

அநாதைச் சிறுமிகளின் ஆசிரியர்

வெனிஸில் பியெத்தா என்னும் அநாதை இல்லம் இருந்தது. பெற்றோரால் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளை அதன் சுவரிலிருந்த சிறு திறப்பில் வைத்துவிட்டுச் செல்வார்கள். அங்கு வளர்ந்த சிறுமிகளுள் திறமையுள்ளோருக்கு இசை கற்பிக்கப்பட்டது. 1703-இல் விவால்டி அவர்களுக்கு வயலின் ஆசிரியரானார்.

அச்சிறுமிகள் ஆலய மாடத்தில், இரும்புக் கம்பித் தடுப்புக்குப் பின்னே நின்று வாசித்தனர். முகம் தெரியாத அவர்களின் இசையைக் கேட்க வெளிநாட்டாரும் திரண்டனர். அவர்களுள் அன்னா மரியா என்பவள் வயலினில் பெரும்புகழ் பெற்றாள். குடும்பப் பெயர் இல்லாத அவளுக்கு வயலினே பெயரோடு சேர்ந்த பெயராயிற்று. அவளுக்காகவே விவால்டி பல இசைப்படைப்புகளை இயற்றினார்.

இல்ல நிர்வாகிகள் ஆசிரியரை ஆண்டுதோறும் வாக்கெடுத்தே அமர்த்துவர். 1709-இல் அவர் வேலையை இழந்தார். ஆயினும் 1711-இல் அவர்களே அவரைத் திரும்ப அழைத்தனர்.

தோரில்லாவின் கதை

1725-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான நான்கு பருவங்கள் என்னும் வயலின் இசை அவர் புகழைப் பரப்பியது. அடுத்த ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், வெனிஸின் சந்த் ஆஞ்சலோ அரங்கில் தெம்பேயில் தோரில்லா என்னும் அவரது இசைநாடகம் அரங்கேறியது. பாடல்களை எழுதியவர் லுக்கீனி.

கிரேக்கப் பள்ளத்தாக்கான தெம்பேயில் அரசன் அத்மேத்தோவின் மகள் தோரில்லா. அவள் எல்மிரோ என்னும் இடையனை நேசிக்கிறாள். அப்பொல்லோ தேவனோ நோமியோ என்னும் இடையனாக வேடமிட்டு வந்து அவளை விரும்புகிறான். பைதான் என்னும் கொடிய பாம்புக்குத் தோரில்லா பலியாக வேண்டிய வேளையில், நோமியோ பாம்பைக் கொன்று, பரிசாக அவளையே கேட்கிறான். அவள் எல்மிரோவோடு தப்பியோடிப் பிடிபடுகிறாள். எல்மிரோவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட, அவள் ஆற்றில் பாய்கிறாள். அவளைக் காப்பாற்றிய நோமியோ, தான் யாரென்று வெளிப்படுத்திக் காதலர் இருவரையும் சேர்த்துவைக்கிறான்.

வல்லமை உள்ளவன் தன் விருப்பத்தைத் துறப்பதே இக்கதையின் உச்சம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இடையரும் வனதேவதைகளும் வசந்தத்தைப் போற்றும் தொடக்கப் பாடலில், நான்கு பருவங்களின் வசந்த இசையையே விவால்டி மீண்டும் அமைத்திருக்கிறார்.

துன்பமும் மறைவும்

புகழ் நிலைக்கவில்லை. 1737-இல் பெராரா நகரின் கர்தினால், அவர் அந்நகருக்குள் வருவதைத் தடுத்தார். திருப்பலி நிறைவேற்றாத குரு என்பது அதற்கு ஒரு காரணம். மக்களின் இசை விருப்பமும் மாறியது. 1740-இல் விவால்டி வியன்னா சென்றார். அவ்வாண்டே பேரரசர் ஆறாம் சார்லஸ் இறந்ததால் அரங்குகள் மூடப்பட்டன. 1741 ஜூலை 28-இல், 63-ஆம் வயதில், வறுமையில் விவால்டி இறந்தார். எளிய முறையில் அடக்கம் நடந்தது.

மீண்டெழுந்த இசை

1926-இல் வட இத்தாலியிலுள்ள சலேசியர் பள்ளி ஒன்று தன் பழைய நூல்களை விற்க முன்வந்தது. அவற்றை ஆராய்ந்த தூரின் பேராசிரியர் ஜென்தீலி, விவால்டியின் கையெழுத்துப் படிகளைக் கண்டு வியந்தார். எஞ்சிய பாதி ஜெனோவாவில் ஒரு குடும்பத்தாரிடம் இருந்தது. வாங்கப் பணமில்லை. அப்போது சிறு மகனை இழந்த போவா என்பவர் முதற்பகுதியை வாங்கித் தூரின் நூலகத்திற்கு அளித்தார். 1930-இல், அவரைப் போலவே மகனை இழந்த ஜோர்தானோ மறுபகுதியை வாங்கிக் கொடுத்தார். அத்தொகுதிகள் இன்றும் அக்குழந்தைகளின் பெயராலேயே வழங்குகின்றன. தோரில்லாவின் இசைச்சுவடியும் அங்கேதான் இருக்கிறது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அவர் இசை படைத்தார். பிள்ளைகளை இழந்த பெற்றோர் அவ்விசையைக் காத்தனர். பாடற்குழுவில் நாங்கள் நிற்கும்போதெல்லாம், கம்பிகளுக்குப் பின்னே நின்று வாசித்த அச்சிறுமிகளை நினைத்துக்கொள்கிறோம். முகம் காட்டாத அவர்களுடைய உழைப்பும் அந்த இசையோடு சேர்ந்து வாழ்கிறது.