மாற்றுக் காப்பாளர் திலாவர் ஹுசைன்

தென் இலண்டனின் ரூட்டிங், பாலம் ஆகிய பகுதிகளில் வாழும் எம்மவர்கள் நகர மையத்துக்கு வேலைக்குச் செல்லும் சுரங்க ரயில், நாள்தோறும் ஓவல் என்னும் நிலையத்தைக் கடந்தே செல்கிறது. அந்நிலையத்திலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில் சறே கழகத்தின் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. இங்கிலாந்து மண்ணில் முதலாவது டெஸ்ட் போட்டி 1880இல் நடைபெற்றது இங்கேதான். டொன் பிராட்மன் 1948இல் தமது இறுதி இன்னிங்ஸில் ஓட்டமெதுவும் பெறாது ஆட்டமிழந்து வெளியேறியதும் இங்கேதான். இவற்றை அறிந்தோர் எம்மிடையே பலர். பிற்காலத்தில் பேராசிரியர் என்றே அழைக்கப்பட்ட ஒருவரது டெஸ்ட் வாழ்வு 1936 ஆகஸ்டில் இதே மைதானத்தில் முற்றுப்பெற்றதை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் பெயர் திலாவர் ஹுசைன்.

லாகூர் நகரில் 1907 மார்ச் 19ஆம் நாள் பிறந்த இவர் இந்திய அணிக்காக ஆடிய டெஸ்ட் போட்டிகள் மூன்றே மூன்று. முதலாவது 1934 ஜனவரியில். இறுதியானது 1936 ஆகஸ்டில். ஆறு இன்னிங்ஸ்களில் அவர் பெற்ற ஓட்டங்கள் 254, அவற்றுள் அரைச்சதங்கள் மூன்று, சராசரி 42.33. இங்கிலாந்தின் லெஸ் ஏம்ஸ் போன்ற ஓரிருவரைத் தவிர, விக்கெட் காப்பாளரிடம் துடுப்பாட்டத்தை எவரும் பெரிதாக எதிர்பாராத காலம் அது. முழுநேரத் துடுப்பாட்டக்காரர் பலருக்கே அன்று இத்தகைய சராசரி இருந்ததில்லை. அப்படியிருந்தும் அவர் நிலையான முதற் காப்பாளராக ஒருபோதும் இருந்தாரல்லர். அவரைத் தேடிய ஒவ்வொரு தடவையும் அங்கே வேறொருவரின் இடம் வெறுமையாகியிருந்தது. இந்த முரண்பாடே அவரைப் பற்றி எழுத எம்மைத் தூண்டியது.

விக்கெட் காப்பாளரின் தொழில் விசித்திரமானது. ஓர் அணியில் ஐந்து பந்து வீச்சாளர் இருக்கலாம், ஆறு துடுப்பாட்டக்காரர் இருக்கலாம், காப்பாளர் ஒருவரே. ஆகவே இரண்டாவது காப்பாளன் எவ்வளவு வல்லவனாயினும், முதலாமவனின் விரல் முறியும் வரை அவனுக்கு வேலையில்லை. உதைபந்தாட்டத்தின் பந்துக் காப்பாளனுக்கும் அமெரிக்கரின் பேஸ்போலில் பந்தைப் பிடிப்பவனுக்கும் இதே விதிதான். எமது ஊர்ப் பாடசாலைகளில் அணிக்கு ஒரு சோடி கையுறைதான் இருக்கும். அதை யார் அணிவது என்பதில் வகுப்பு நண்பர்கள் பருவம் முழுதும் பேசாதிருந்த கதைகளை நாம் அறிவோம். பல்கலைக்கழகங்களில் தற்காலிக விரிவுரையாளர் என்ற பெயரில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்போருக்கும் இந்த நிலையை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவின் முதல் டெஸ்ட் காப்பாளர் ஜனார்த்தன் நவ்லே. 1932இல் இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியபோது, இந்தியாவுக்கான முதற் பந்தை எதிர்கொண்டவரும் அவரே. 1933 டிசம்பரில் இந்திய மண்ணின் முதலாவது டெஸ்ட் பம்பாயில் நடைபெற்றபோதும் கையுறை அவரிடமே இருந்தது. அடுத்த போட்டி கல்கத்தாவில். அங்கே நவ்லே இல்லை; திலாவர் ஹுசைன் இருந்தார்.

1934 ஜனவரி 5ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் தொடங்கிய அப்போட்டியைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். இங்கிலாந்து அணியின் தலைவர் டக்ளஸ் ஜார்டின். துடுப்பாட்டக்காரரின் உடலைக் குறிவைத்து வீசும் உபாயத்தால் ஓராண்டுக்கு முன்னர் அவுஸ்திரேலியாவைக் கொதிக்கவைத்தவர். இந்தியாவுக்கு அவருடன் வந்த வேகப் பந்து வீச்சாளருள் மொறிஸ் நிக்கல்ஸும் நொபி கிளார்க்கும் குறிப்பிடத்தக்கவர்கள். தலைக்கவசம் வழக்கத்துக்கு வந்திராத காலம். இங்கிலாந்து 403 ஓட்டங்களைக் குவித்த பின்னர் இந்தியா ஆடத் தொடங்கியது. நிக்கல்ஸ் வீசிய பந்தொன்று திலாவரின் பின்தலையைத் தாக்கிற்று. அவர் களத்தை விட்டு அகன்றார்.

அகன்றவர் திரும்பி வந்தார், தலையிலே கட்டுடன். மீண்டும் அடி விழுந்தது. இம்முறை கிளார்க்கின் பந்து பெருவிரலில். காப்பாளருக்குப் பெருவிரல் என்பது தச்சனுக்கு உளி போன்றது. எனினும் அவர் 59 ஓட்டங்களைப் பெற்ற பின்னரே ஆட்டமிழந்தார். இந்தியா 247 ஓட்டங்களுடன் அடங்கி, உடனடியாக இரண்டாம் முறையும் ஆடப் பணிக்கப்பட்டது. அதிலும் திலாவர் 57 ஓட்டங்களைப் பெற்றார். இரு இன்னிங்ஸிலும் அணியின் அதிகூடிய ஓட்டங்கள் அவருடையவையே. ஒரே டெஸ்ட் போட்டியின் இரு இன்னிங்ஸிலும் அரைச்சதம் பெற்ற முதல் இந்தியர் என்ற இடமும் அதனாலேயே அவருக்குரியதாயிற்று. போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இந்தியா டெஸ்ட் போட்டியொன்றில் தோல்வியைத் தவிர்த்தது அதுவே முதற்றடவை.

அந்த ஆட்டத்தில் எமக்கு வியப்பூட்டும் வேறொரு செய்தியும் உண்டு. இங்கிலாந்தின் காப்பாளராக அங்கே நின்றவர் கெண்ட் மாநிலத்தின் லெவெட். தம் சொந்த மாநில அணியிலேயே லெஸ் ஏம்ஸின் நிழலில் காத்திருந்தவர் அவர். அச்சுற்றுப்பயணத்தின் மற்றைய இரு டெஸ்டுகளிலும் டார்பிஷரின் எலியட் கையுறை அணிய, லெவெட்டுக்குக் கிடைத்தது கல்கத்தா ஒன்றுதான். 1995இல் மறையும் வரை அவர் ஒரு டெஸ்ட் காப்பாளராகவே அறியப்பட்டார். ஆக, நான்கு நாட்கள் அவ்விரு விக்கெட்டுகளின் பின்னாலும் குந்தியிருந்த இருவருமே மாற்றுக் காப்பாளர்கள். தமிழர்களாகிய நாம் மறக்கக்கூடாத ஒருவருக்கும் அதுவே முதலும் கடைசியுமான டெஸ்ட் போட்டி. செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலனையே குறிப்பிடுகிறோம். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1950களின் தொடக்கத்திலிருந்து நடைபெற்ற கோபாலன் கிண்ணப் போட்டிகள் அவர் பெயரால் அமைந்தவையே.

அடுத்த மாதம் சென்னை சேப்பாக்கத்தில் நடைபெற்ற மூன்றாவது டெஸ்டில் திலாவர் பெற்ற ஓட்டங்கள் 13, 36. அமர்சிங் ஒரே இன்னிங்ஸில் 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்திய போட்டி அது. எனினும் தோல்வி இந்தியாவுக்கே. இந்தியாவுக்கு அடுத்த டெஸ்ட் தொடர் கிடைத்தது இரண்டரை ஆண்டுகளின் பின்னர்தான்.

1936இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட இந்திய அணியில் திலாவரின் பெயர் இல்லை. அவரோ அப்போது இங்கிலாந்திலேயே, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். வயது 29. லாகூரின் மற்றொரு வீரரான ஜகாங்கீர் கானும் அக்காலத்தில் அங்கே மாணவர். லோர்ட்ஸில் ஜகாங்கீர் வீசிய பந்து பறந்துவந்த குருவியொன்றைக் கொன்றதும், அக்குருவி பாடம் செய்யப்பட்டு இன்றும் அம்மைதானத்தின் அருங்காட்சியகத்தில் இருப்பதும் அதே 1936ஆம் ஆண்டின் கதை.

அந்த அணியைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. தலைமைப் பதவி விளையாட்டுத் திறமைக்காகவன்றிச் செல்வாக்குக்காக விஜயநகர மகாராஜகுமாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. சிறந்த ஆட்டக்காரருள் ஒருவரான லாலா அமர்நாத் முதலாவது டெஸ்டுக்கு முன்னரே ஒழுக்க நடவடிக்கை என்ற பெயரில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். தலைவருக்கோ பயணத்தின் இடையிலேயே பிரித்தானிய அரசின் சேர் பட்டம் கிடைத்தது. பதவி எப்படிக் கிடைக்கிறது, தண்டனை யார்மீது விழுகிறது என்பவற்றை ஆராய்வோருக்கு அப்பயணம் ஒரு தனிப் பாடநூல்.

காப்பாளர்களின் நிலைமையும் சீராக இல்லை. முதற் காப்பாளர் தத்தாராம் ஹிண்ட்லேகர் லோர்ட்ஸ் டெஸ்டில் ஆடினார், விரல் எலும்பு சிதைந்தது, பார்வையும் தெளிவற்றிருந்தது. மான்செஸ்ரரில் நடைபெற்ற இரண்டாவது டெஸ்டில் மெஹர்ஹோம்ஜி கையுறை அணிந்தார். அவரது டெஸ்ட் வாழ்வு அந்த ஒரு போட்டியே. மூன்றாவதான ஓவல் போட்டிக்குத்தான் கேம்பிறிட்ஜ் மாணவர் வந்து சேர்ந்தார். ஏற்கெனவே அணியின் வேறு ஆட்டங்களில் அவர் உதவிக்கு அழைக்கப்பட்டிருந்தார். அப்பருவத்தில் சுற்றுப்பயண அணிக்காக அவர் குவித்தவை 600க்கு மேற்பட்ட ஓட்டங்கள்.

ஓவலில் ஆட்டம் ஆகஸ்ட் 15ஆம் நாள் ஆரம்பமாயிற்று. ஹமண்ட் 217 ஓட்டங்களும் வேர்திங்டன் 128 ஓட்டங்களும் பெற, இங்கிலாந்து 8 விக்கெட் இழப்புக்கு 471 என்ற நிலையில் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. அவ்வளவு நேரமும் ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து நிமிர்ந்தவர் திலாவர். ஆறடிக்கும் மேல் உயரம், கனத்த உடல்வாகு. அவர் துடுப்பைப் பிடித்துக் கூனி நிற்கும் கோலம் அழகற்றது என்பதில் பார்த்தவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அழகற்ற அந்தக் கோலத்திலேயே அவர் முதல் இன்னிங்ஸில் 35, இரண்டாவதில் 54 ஓட்டங்களைப் பெற்றார். அதே இன்னிங்ஸில் சி.கே. நாயுடு, அலனின் பந்தொன்று உடலில் தாக்கியும் தளராது 81 ஓட்டங்களைப் பெற்றார். அதுவே அவரது கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ். இங்கிலாந்து 9 விக்கெட்டுகளால் வென்றது. எமது மதிப்பீட்டில், தோற்ற அணியின் துடுப்பாட்டத்தில் அன்று குறை காண்பதற்கு அதிகமில்லை.

அதே போட்டியில் சென்னையின் கோட்டா ராமசாமியும் ஆடினார். சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப் போற்றப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன். தாமும் கேம்பிறிட்ஜில் பயின்றவர். டேவிஸ் கிண்ண டெனிசிலும் இந்தியாவுக்காக ஆடியவர். நாற்பது வயதில் முதல் டெஸ்ட் ஆடி, இரண்டு போட்டிகளில் 170 ஓட்டங்கள் பெற்றார். 1985இல் ஒருநாள் சென்னையில் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பவேயில்லை. காணாமற்போனவர் என்ற சொல்லின் பாரம் எம் வாசகர்களுக்குத் தெரியும். கோபாலனும் அந்தப் பயண அணியில் இருந்தார். பேர்லின் ஒலிம்பிக்கில் ஹொக்கி ஆடும் வாய்ப்பைக் கைவிட்டு வந்தவருக்கு ஒரு டெஸ்டிலும் இடம் தரப்படவில்லை. அந்த ஹொக்கி அணியோ தங்கப் பதக்கத்துடன் ஊர் திரும்பியது.

ஓவல் ஆட்டம் முடிந்தபோது திலாவரின் டெஸ்ட் வாழ்வும் முடிந்ததென எவரும் எண்ணியிருக்க முடியாது. மூன்று அரைச்சதம் கண்ட காப்பாளரை எந்த அணியும் எளிதில் விலக்காது. அவரை விலக்கியது போர். 1939-40இல் இந்தியாவுக்கு வரவிருந்த இங்கிலாந்து அணியின் பயணம் கைவிடப்பட்டது. இந்தியா மீண்டும் டெஸ்ட் போட்டியொன்றை ஆடியது 1946 ஜூனில், லோர்ட்ஸில். அப்போது கையுறை திரும்பவும் ஹிண்ட்லேகரிடம் இருந்தது. அத்தொடரின் மான்செஸ்ரர் போட்டியில் கடைசி விக்கெட்டுக்குச் சோஹோனியுடன் பதின்மூன்று நிமிடங்கள் தாக்குப்பிடித்துத் தோல்வியைத் தடுத்தவர் ஹிண்ட்லேகர். மூன்று ஆண்டுகளின் பின்னர், பம்பாய்த் துறைமுகத்தில் சொற்ப சம்பளத்துக்கு வேலைபார்த்த அவர், உரிய மருத்துவக் கவனிப்புக் கிட்டாமல் நாற்பது வயதில் இறந்தார். முதலாமவரான நவ்லே பிற்காலத்தில் சர்க்கரை ஆலையொன்றில் காவலாளியானார். முதற் காப்பாளர்களின் கதையும் இப்படித்தான் இருந்திருக்கிறது. மாற்றுக் காப்பாளரிடம் கல்வி இருந்தது. ஆசிரியத் தொழில் இருந்தது.

1947 ஆகஸ்டில் எல்லைக்கோடு வரையப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வீடு வாசல் விட்டு இரு திசைகளிலும் நடந்தனர். திலாவர் இடம்பெயரவில்லை, அவர் லாகூர்க்காரர், லாகூரிலேயே இருந்தார். ஆனால் அவர் தலையில் கட்டுடன் ஓட்டம் சேர்த்துக் கொடுத்த நாடு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. ஊரை விட்டு வெளியேறியோரைப் பற்றி எழுதிப் பழகிய எமக்கு, ஊரிலிருந்தபடியே வேறு நாட்டவராகிவிட்ட ஒருவரை எந்தச் சொல்லால் குறிப்பதென்று தெரியவில்லை. அப்துல் ஹபீஸ் கர்தார், அமீர் இலாஹி, குல் முகமது ஆகிய மூவர் பின்னர் இரு நாடுகளுக்காகவும் டெஸ்ட் ஆடினர். பாகிஸ்தான் தன் முதலாவது டெஸ்டை 1952 அக்டோபரில் டில்லியில் ஆடியபோது திலாவருக்கு வயது 45. அங்கே கையுறை அணிந்து நின்றவர் பதினேழு வயது ஹனீப் முகமது.

பேராசிரியர் வேறு வழியில் தம் பணியைத் தொடர்ந்தார். 1948இல் பாகிஸ்தான் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை உருவானபோது அதன் தாபக உறுப்பினருள் ஒருவரானார்; பின்னர் தேசிய அணியின் தேர்வாளராகவும் பணியாற்றினார். தேர்வாளர்களின் விருப்பு வெறுப்பை மறுபுறத்தில் நின்று நன்கு அறிந்திருந்தவர் அவர். 1954 ஆகஸ்டில் பாகிஸ்தான் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை 24 ஓட்டங்களால் வென்றது. பசல் மஹ்மூத் 12 விக்கெட்டுகளை வீழ்த்திய அப்போட்டியில் காப்பாளர் இம்தியாஸ் அகமது ஏழு பிடிகளை எடுத்தார். அவரும் லாகூர்க்காரரே.

திலாவர் ஹுசைன் 1967 ஆகஸ்ட் 26ஆம் நாள் லாகூரில் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபது. டெஸ்ட் வீரர்களின் பதிவேடுகளில் அவர் பெயர் இந்தியாவின் கீழேயே இருக்கிறது. பிறந்த இடம் லாகூர், இறந்த இடம் லாகூர், ஆடிய போட்டிகள் மூன்று.