தாயின் படுக்கையருகே கற்ற மொழி: லான் சேனியின் வாழ்க்கை

ஹாலிவுட்டின் பழைய திகில் படங்களைப் பற்றிப் பேசுவோர் யாராக இருந்தாலும், சற்று நேரத்தில் லான் சேனி என்ற பெயருக்கு வந்து சேர்வார்கள். ஆயிரம் முகம் கொண்ட மனிதர் என்று அவருக்குப் பட்டம். கூன் முதுகு, பிதுங்கிய கண், மண்டை ஓடு போன்ற முகம் என்று அவர் ஏற்ற கோலங்கள் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ரசிகர்களின் பேச்சில் இருக்கின்றன. அந்த முகங்களை அவர் எப்படி உண்டாக்கினார் என்று ஆராய்ந்து புத்தகங்களே வந்துவிட்டன.

சினிமா பார்ப்பது சரியா, தவறா என்ற விவாதத்தை நாம் இங்கே எடுக்கவில்லை. இந்த மனிதரின் வாழ்க்கையில் நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அவருடைய கலை எந்த நாடகப் பள்ளியிலும் கற்றதன்று. காது கேளாத பெற்றோரின் வீட்டில், நோயுற்ற தாயின் படுக்கையருகே கற்றது.

ஓசையில்லாத வீடு

1883 ஏப்ரல் 1 அன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லியோனிடாஸ் ஃபிராங்க் சேனி. தந்தை ஃபிராங்க் முடிதிருத்தும் தொழிலாளி. தாயார் எம்மா. இருவருக்குமே காது கேட்காது.

தாயாரின் தந்தை ஜோனதன் கென்னடி. காது கேளாத பிள்ளைகளைப் பெற்ற அவர் அதை எண்ணி முடங்கிவிடவில்லை. 1874-இல் கொலராடோவில் காது கேளாத குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கப்படக் காரணமாக இருந்தார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. எம்மாவும் ஃபிராங்கும் அறிமுகமானது அங்கேதான்.

அந்தக் காலத்தின் நிலையையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். சேனி பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1880-இல், இத்தாலியின் மிலான் நகரில் கல்வியாளர்கள் மாநாடு ஒன்று கூடியது. காது கேளாத குழந்தைகளுக்குச் சைகை மொழியில் கற்பிக்கக் கூடாது, வாயசைவைப் படிக்கவும் வாயால் பேசவும்தான் பழக்க வேண்டும் என்று அது தீர்மானித்தது. அதன் பிறகு பல நாடுகளில் பள்ளிக்கூடங்களிலிருந்து சைகை மொழி விரட்டப்பட்டது. கைகளால் பேசுவது நாகரிகமற்றது என்று பெரிய மனிதர்கள் நினைத்த காலம் அது. அந்தக் காலத்தில்தான் சேனியின் வீட்டில் காலை முதல் இரவு வரை எல்லாப் பேச்சும் கைகளாலும் முகத்தாலும் நடந்தன.

பிள்ளைகளுக்குக் காது நன்றாகக் கேட்டது. ஆனாலும் வீட்டு மொழி சைகைதான். புருவம் உயர்ந்தால் கேள்வி, தோள் தாழ்ந்தால் சோர்வு என்று சொல்லில்லாமலே எதிரில் இருப்பவரின் மனதை அறியும் பழக்கம் அந்தச் சிறுவனுக்குப் பால்குடி வயதிலிருந்தே வந்துவிட்டது.

பிறகு சோதனை வந்தது. தாயார் கடும் மூட்டுவாத நோயால் படுத்த படுக்கையானார். ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவன் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, தாய்க்குப் பணிவிடை செய்யவும் தம்பி தங்கையைக் கவனிக்கவும் வீட்டிலேயே இருந்தான். சில ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

காது கேளாத ஒருவருக்கு ஊர்ச் செய்தி கண்வழியாகத்தான் வர வேண்டும். படுக்கையில் கிடப்பவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். அந்த வழியை மகன் திறந்து வைத்தான். தெருவில் யாரைப் பார்த்தான், அவர் எப்படி நடந்தார், கடைக்காரர் எப்படிக் கோபித்தார் என்பதையெல்லாம் தாயின் கண்முன் நடித்துக் காட்டினான். தாய் சிரித்தால் அவனுக்கு அன்றைய வேலை முடிந்தது.

திரைக்கு வந்த விதம்

வாலிப வயதில், அண்ணன் வேலை பார்த்த நாடக அரங்கில் மேடைச் சாமான்களை எடுத்து வைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். 1902 முதல் நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1905-இல் கிளீவா கிரைட்டன் என்ற இளம் பாடகியை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் கிரைட்டன் பிறந்தான்.

அந்த இல்லறம் நிலைக்கவில்லை. வறுமை, ஓயாத பயணம், ஒருவர் மீது ஒருவருக்குச் சந்தேகம். 1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கணவர் பணிபுரிந்த நாடக அரங்கிலேயே கிளீவா நஞ்சருந்தினார். உயிர் பிழைத்தார், ஆனால் அவருடைய பாடும் குரல் போய்விட்டது. செய்தி ஊரெங்கும் பரவியது. மணமுறிவு ஏற்பட்டது. நாடக உலகின் கதவுகள் சேனிக்கு அடைபட்டன. அப்போது வளர்ந்துகொண்டிருந்த சினிமாத் தொழிலில் பிழைப்பு தேடினார்.

யுனிவர்சல் நிறுவனத்தின் படங்களில் சிறுசிறு வேடங்கள் கிடைத்தன. தினமும் காலையில் நடிகர்கள் கூடி நிற்க, இயக்குநர்கள் தமக்கு வேண்டிய ஆளைப் பொறுக்கிக்கொள்ளும் காலம் அது. ஒப்பனைக்கென்று தனி ஆட்கள் கிடையாது. அவரவர் முகத்தை அவரவரே தயார் செய்ய வேண்டும். சேனி தம் ஒப்பனைப் பெட்டியோடு வந்து நிற்பார். முதியவர் வேண்டுமா, கொள்ளைக்காரர் வேண்டுமா, மாலுமி வேண்டுமா, எதுவானாலும் அவர் தயார். இப்படிப் பல படங்களில் உழைத்தும், சம்பளத்தை உயர்த்திக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அவர் அங்கிருந்து வெளியேறினார்.

1919-இல் வந்த 'தி மிராக்கிள் மேன்' படம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. கை கால் முடங்கியவனைப் போல வேடமிட்டு மக்களை ஏமாற்றும் ஒருவனாக அதில் நடித்தார். அடுத்த ஆண்டு 'தி பெனால்டி' வந்தது. சிறு வயதில் மருத்துவரின் பிழையால் இரு கால்களையும் இழந்து, பழிவாங்கத் துடிக்கும் மனிதனின் கதை. அதற்காகத் தம் கால்களைப் பின்னால் மடித்துத் தோல்வாரால் கட்டிக்கொண்டு முழங்காலில் நடந்தார். இரத்த ஓட்டம் தடைபட்டு வலி எடுக்கும். சிறிது நேரத்துக்கு மேல் அந்தக் கட்டோடு இருக்க முடியாது.

1923-இல் விக்டர் ஹ்யூகோவின் நாவலைத் தழுவிய 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோத்ர தாம்' வெளிவந்தது. பாரிஸ் தேவாலயத்தில் மணியடிக்கும் கூன் முதுகுக்காரன் குவாசிமோதோவாக அவர் நடித்தார். முதுகில் கனமான கூன், ஒரு கண்ணை மறைத்த ஒப்பனை. பார்த்தவர்கள் நடுங்கினார்கள், பிறகு அவனுக்காக அழுதார்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்றுண்டு. மணியோசையிலேயே வாழ்ந்து குவாசிமோதோவும் காது கேளாதவன் ஆகிவிட்டான். காது கேளாத தாயின் மகன், காது கேளாத ஒருவனின் தனிமையைத் திரையில் காட்டினார். கூட்டம் தன்னைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறது என்று புரியாமல் நிற்கும் மனிதனின் பார்வை எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1925-இல் 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' வந்தது. இரு படங்களையும் எடுத்தது, முன்பு சம்பளம் உயர்த்த மறுத்த அதே யுனிவர்சல் நிறுவனம்தான். படம் திரைக்கு வரும்வரை அவருடைய முகத்தோற்றத்தை வெளியிடாமல் பாதுகாத்தார்கள். அதற்காகக் கட்டிய அரங்கக் கூடம் 2014 வரை இடிக்கப்படாமல் நின்றது.

பிறகு எம்ஜிஎம் நிறுவனத்தில், டாட் பிரௌனிங் என்ற இயக்குநரோடு சேர்ந்து பல படங்கள். அவற்றுள் 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' 1927-இல் வந்தது. கடைசியாக இருந்த பிரதியும் நிறுவனக் கிடங்கில் ஏற்பட்ட தீயில் அழிந்துவிட்டது. புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு ரசிகர்கள் இன்றும் அந்தப் படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் பயன்படுத்திய பொருள்கள் மிக எளியவை. பஞ்சு, பசை, மெழுகு, வண்ணக்குழம்பு. அவருடைய ஒப்பனைப் பெட்டி லாஸ் ஏஞ்சல்ஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. சிறு வயதிலேயே பள்ளியை விட்ட அவரிடம்தான், 1929-இல் வெளியான பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் திரைப்பட ஒப்பனை பற்றிய கட்டுரையைக் கேட்டு வாங்கியது.

புகழ் எவ்வளவு வந்தபோதும் விருந்துகளையும் பேட்டிகளையும் அவர் தவிர்த்தே வந்தார். வேலை முடிந்தால் வீடு. ஓய்வு கிடைத்தால் சியரா மலையில் மீன்பிடிப்பு. அந்த மலையில் அவருக்காக ஒரு கல்வீட்டை வடிவமைத்தவர் பால் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். நிறவெறி தலைவிரித்தாடிய காலத்தில் அந்தப் பணி அவரிடம் போனதும் குறிப்பிடத்தக்கது.

நாம் ஒப்புக்கொள்ள முடியாதவை

ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும்போது நல்லதை மட்டும் பொறுக்கி எடுப்பது நீதியாகாது.

உடல் குறையுள்ளவர் என்றால் கொடியவர், பயப்பட வேண்டியவர் என்ற எண்ணத்தை அக்காலத் திகில் படங்கள் மக்கள் மனதில் விதைத்தன. சேனியின் படங்களுக்கும் அதில் பங்குண்டு. அவர் ஏற்ற பாத்திரங்களில் பெரும்பாலானவை பிறரால் வஞ்சிக்கப்பட்டவை என்பது உண்மை. ஆனாலும் சுவரொட்டியில் தெரிந்தது கோரம் மட்டுமே. 1927-இல் வந்த 'தி அன்னோன்' படத்தில் கையில்லாதவர் போல நடித்தார். அதில் கால்விரல்களால் வேலை செய்து காட்டும் காட்சிகளுக்கு, உண்மையிலேயே கைகள் இல்லாத ஒருவரின் கால்களைப் படம்பிடித்தார்கள். திறமை அவருடையது, திரையில் முகம் சேனியுடையது. சீனர் வேடங்களையும் சேனி ஏற்றார். சீன நடிகர்களுக்கு முக்கிய வேடங்கள் தராத ஒரு தொழிலின் வழக்கம் அது.

மற்றொன்று வீட்டுக்குள் நடந்தது. மணமுறிவுக்குப் பிறகு 1915-இல் ஹேசல் என்ற பெண்ணை மணந்து, அதுவரை பிறர் பராமரிப்பில் இருந்த மகனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். ஹேசல் அந்தப் பிள்ளையை வளர்த்தார். ஆனால் பெற்ற தாய் இறந்துவிட்டாள் என்று மகனிடம் சொல்லிவிட்டார்கள். அவர் உயிரோடிருப்பது வளர்ந்த பிறகே அவனுக்குத் தெரிந்தது. தம் தாயின் படுக்கையை விட்டு நகராத ஒருவர், தம் மகனிடமிருந்து அவனுடைய தாயை மறைத்தார். அந்தக் காயத்துக்கு நியாயம் சொல்ல நம்மால் இயலவில்லை. மணமுறிவுக்குப் பின் பிள்ளையைப் பகடைக்காயாக்கும் வழக்கம் நம் குடும்பங்களிலும் உண்டு என்பதால், இதைச் சொல்லாமல் கடக்கவும் மனம் வரவில்லை.

மகன் நடிக்க வருவதைச் சேனி விரும்பவில்லை. தந்தையின் மறைவுக்குப் பிறகே அவர் திரைக்கு வந்தார். கிரைட்டன் என்ற தம் பெயரை விட்டு, லான் சேனி ஜூனியர் என்ற பெயரை ஏற்க வேண்டியதாயிற்று. 1941-இல் வந்த 'தி உல்ஃப் மேன்' அவருடைய புகழ்பெற்ற படம்.

கடைசி நாட்கள்

1920-களின் இறுதியில் பேசும் படங்கள் வந்தபோது சேனி தயங்கினார். முகத்தால் பேசியே உலகை வென்றவருக்குக் குரல் எதற்கு? கடைசியில் 1930-இல் 'தி அன்ஹோலி த்ரீ' படத்தில் பேசினார். ஒரு குரலில் அல்ல. கிழவி, கிளி, பொம்மை என்று ஐந்து குரல்களில். ஐந்தும் தம்முடையவையே என்று சத்தியப் பிரமாணப் பத்திரத்திலும் கையெழுத்திட்டார். அவர் பேசிய முதல் படமும் கடைசிப் படமும் அதுதான்.

அதற்குள் புற்றுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. நோய் முற்றியபோது குரல் அடைத்தது. பேச முடியாமல் போன அந்த நாட்களில், தாயின் படுக்கையருகே பேசிய அதே சைகை மொழியால்தான் தம்மைச் சுற்றி இருந்தவர்களிடம் பேசினார். 1930 ஆகஸ்ட் 26 அன்று, தொண்டையில் ஏற்பட்ட இரத்தப்போக்கால் இறந்தார். வயது 47. கலிபோர்னியாவின் கிளெண்டேல் நகரில் அவருடைய அடக்க இடத்தில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

நமக்கு உள்ள செய்தி

நம் குடும்பங்களிலும் காது கேளாதவர்கள் இருக்கிறார்கள். நிக்காஹ் வீட்டிலும் பயான் கூட்டத்திலும் ஓர் ஓரமாக உட்கார்ந்து, எல்லோரும் சிரிக்கும்போது தாமும் சிரித்து வைக்கும் அந்தப் பெரியம்மாவை, அந்த மச்சானை நாம் பார்த்திருக்கிறோம். என்ன பேச்சு நடக்கிறது என்று அவருக்குச் சொல்வோர் அரிது. செவிடு, ஊமை என்ற சொற்களை வசையாகப் பயன்படுத்த மட்டும் நம் நாக்கு தயங்குவதில்லை. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும், அதைச் சம்பந்தம் பேச வருவோரிடம் எப்படி மறைப்பது என்று யோசிக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளையோடு பேச நாம் நான்கு சைகைகளைக் கற்போம் என்று யோசிக்கும் வீடுகள் குறைவு.

பெற்றோருக்குக் காது கேட்காத வீட்டில் வளரும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. மருத்துவமனையிலும் வங்கியிலும் தாய் தந்தைக்கு அவர்களே காதாக நிற்கிறார்கள். பத்து வயதில் பெரியவர்களின் கவலையைச் சுமக்கிறார்கள். சேனியைப் போல அவர்கள் படிப்பை விட்டுவிட நேரக் கூடாது. அந்தச் சுமையில் ஒரு பங்கை உறவினரும் அண்டை வீட்டாரும் ஏற்க வேண்டும். அதோடு, அவர்கள் வீட்டில் பேசும் மொழி குறைபாடுள்ள மொழியன்று, முழுமையான ஒரு மொழி என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த விசேஷ வீட்டில் அந்தப் பெரியம்மாவின் எதிரே போய் உட்காருவோம். பேச்சு எதைப் பற்றியது என்று நமக்குத் தெரிந்த அளவுக்குக் கையாலும் முகத்தாலும் சொல்வோம். தவறாகச் சொன்னால் அவரே திருத்துவார், நாமும் கற்றுக்கொள்வோம்.