குழந்தைக்கு பால் ஒத்துக்கலையா? 'அலர்ஜி' என்ற சொல்லைத் தந்த டாக்டரின் கதை இது!

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் குழந்தைக்கு 6 மாதம் முடிந்ததும் முதல் சோறு ஊட்டுவது ஒரு விசேஷம். கோமதி அம்மன் சந்நிதியில் ஒரு வாய் சோறு, வீட்டுக்கு வந்ததும் கேப்பைக் கூழ், பருப்பு சாதம், பிறகு கொஞ்சம் தயிர் சாதம் என்று வரிசையாக ஆரம்பிக்கும். அப்படி தயிரோ, பால் கலந்த கஞ்சியோ வாயில் வைத்த கொஞ்ச நேரத்தில் சில குழந்தைகளுக்கு முகம் சிவந்து தடிக்கும், வாந்தி வரும். சூடு என்பார் ஒருவர், கண்ணு பட்டிருக்கும் என்பார் இன்னொருவர். டாக்டரிடம் போனால், பால் அலர்ஜியா இருக்கலாம் என்பார்.

அலர்ஜி என்ற இந்த வார்த்தை 1906-க்கு முன்னாடி உலகத்தில் எந்த மொழியிலும் கிடையாது. அதை உருவாக்கியவர் ஒரு குழந்தைகள் நல டாக்டர். பெயர் கிளெமென்ஸ் வான் பிர்கே.

யார் இந்த பிர்கே?

ஆஸ்திரியாவின் வியன்னா நகரை ஒட்டிய ஹிர்ஷ்டெட்டன் என்ற ஊரில் 1874 மே 12-ம் தேதி பிறந்தவர். வசதியான பிரபுக் குடும்பம். முதலில் பாதிரியார் ஆவதற்காக இறையியல் படித்தார், அடுத்து தத்துவம் படித்தார். இரண்டையும் விட்டுவிட்டு மருத்துவத்துக்கு மாறி 1900-ல் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு வியன்னா பல்கலைக்கழக குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே தலைவராக இருந்தவர் தியோடர் எஷெரிக். ஈ.கோலை பாக்டீரியாவைக் கண்டுபிடித்த அதே எஷெரிக்தான்.

குதிரை ரத்தத்தில் கிடைத்த துப்பு

அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளை கொத்துக்கொத்தாகக் கொன்றது. அதற்கு மருந்து, குதிரை ரத்தத்தில் இருந்து எடுக்கப்பட்ட சீரம். உயிர் பிழைத்த குழந்தைகள் சிலருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, மூட்டு வீக்கம் வந்தது.

பிர்கேயும், அவருடன் வேலை பார்த்த பேலா ஷிக்கும் இதை கவனித்தார்கள். அவர்களை யோசிக்க வைத்தது இரண்டாவது ஊசி. முதல் ஊசிக்கு பத்து நாள் எடுத்துக்கொண்ட உடம்பு, அதே சீரத்தை இரண்டாம் முறை போட்டால் அன்றைக்கே, சில நேரம் உடனடியாகவே கொந்தளித்தது. கொஞ்சம் மருந்து போட்டாலே போதும், விளைவு பெரிதாக இருந்தது.

சீரத்தில் விஷம் இருந்தால் இரண்டு முறையும் ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்? அப்படி இல்லையே. அப்போ மாறியது மருந்து அல்ல, குழந்தையின் உடம்பு. முதல் முறை வெளிப்பொருளைப் பார்த்த உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, மறுபடி வந்ததும் சண்டைக்குத் தயாராகிறது. காப்பாற்ற வேண்டிய எதிர்ப்பு சக்தியே நோயையும் தரும் என்ற முடிவுக்கு பிர்கே வந்தார்.

1905-ல் இருவரும் இதை புத்தகமாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு 1906-ல், வேறு என்றும் செயல் என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'அலர்ஜி' என்ற சொல்லை பிர்கே உருவாக்கினார். உடம்பு மாறி வேலை செய்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். ஆரம்பத்தில் பல டாக்டர்கள் இந்தச் சொல்லை ஏற்கவில்லை. இன்றைக்கு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

டி.பி. டெஸ்ட்டுக்கும் இவர்தான் காரணம்

குழந்தைக்கு காசநோய் சந்தேகம் என்றால் கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளப்பார்களே, அந்த மாண்டோ டெஸ்ட்டுக்கு முன்னோடி பிர்கேதான். 1907-ல் தோலை லேசாகக் கீறி, டியூபர்குலின் என்ற திரவத்தை வைத்துப் பார்க்கும் முறையை அவர் கொண்டுவந்தார். பார்க்க ஆரோக்கியமாக இருந்த பல குழந்தைகளின் உடம்பிலும் காசநோய்க் கிருமி நுழைந்திருப்பது இதனால் தெரிந்தது.

அடுத்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் நலப் பேராசிரியர் வேலை. அங்கிருந்து பிரெஸ்லாவ் நகரம். 1911-ல் எஷெரிக் இறந்ததும் வியன்னாவுக்குத் திரும்பி, தன் குருவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாலையே அளவுகோல் ஆக்கியவர்

முதல் உலகப் போர் முடிந்தபோது வியன்னாவில் குழந்தைகள் பசியால் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான நிவாரண அமைப்பு உணவு அனுப்பியது. அதை யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்று திட்டம் போடும் பொறுப்பு பிர்கேயிடம் வந்தது.

அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு கிராம் பாலில் இருக்கும் சத்துதான் ஒரு அலகு. அரிசி, ரொட்டி, கறி என எல்லா உணவையும் அது எத்தனை கிராம் பாலுக்குச் சமம் என்று அளந்தார். குழந்தை உட்கார்ந்திருக்கும்போது உள்ள உயரத்தை வைத்து அதற்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று கணக்கிட்டார். லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அந்த உணவு போய்ச் சேர்ந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில், 1920-ல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு பள்ளியில் மதிய உணவுக்கு அனுமதி கொடுத்தது.

பால் அலர்ஜி என்று இன்று நாம் சொல்லும்போது பாதி வார்த்தை இவருடையது. அதே மனிதர்தான் எல்லா உணவுக்கும் பாலை அளவுகோலாக வைத்தார். இதில் முரண் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பால் நல்ல உணவு. சில குழந்தைகளின் உடம்பு மட்டும் அதை எதிரியாகப் பார்க்கிறது. தப்பு பாலிலும் இல்லை, ஊட்டிய அம்மாவிடமும் இல்லை.

துயரமான முடிவு

நோபல் பரிசுக்கு பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது கிடைக்கவில்லை. 1928-ல் ஆஸ்திரிய குடியரசுத் தலைவர் பதவிக்கே அவர் பெயர் பேசப்பட்டது. ஆனால் 1929 பிப்ரவரி 28-ம் தேதி பிர்கேயும் அவரது மனைவி மரியாவும் தற்கொலை செய்துகொண்டார்கள். அப்போது அவருக்கு வயது 54.

(மன உளைச்சலில் இருப்பவர்கள் 104 அல்லது 14416 என்ற எண்ணில் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.)

இன்றைய பெற்றோருக்கு இதில் என்ன இருக்கு?

* முதல் தடவைதானே தயிர் கொடுத்தோம், அதற்குள் எப்படி அலர்ஜி என்று குழம்ப வேண்டாம். தாய்ப்பால் வழியாகவோ, பவுடர் பால் வழியாகவோ பால் புரதத்தை குழந்தையின் உடம்பு ஏற்கனவே பார்த்திருக்கலாம்.

* சந்தேகம் வந்துவிட்டால், இன்னொரு தடவை கொடுத்துப் பார்ப்போமே என்று வீட்டில் சோதிக்க வேண்டாம். அடுத்த முறை விளைவு பெரிதாக இருக்கலாம் என்பதுதான் பிர்கே கண்ட பாடம்.

* மூச்சு வாங்குதல், உதடு அல்லது நாக்கு வீக்கம், குழந்தை துவண்டு போதல் இருந்தால் உடனே 108. புற்று மண் பூசுவது நம்பிக்கை. ஆனால் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

* எல்லா பால் அலர்ஜியும் உடனே தெரியாது. மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, எடை ஏறாமை என மெதுவாகவும் வரும். இந்த வகை தோல் பரிசோதனையிலும் ரத்தப் பரிசோதனையிலும் தெரியாமல் போகலாம். என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு, என்ன ஆச்சு என்று எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

* பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால், எருமைப்பால் தீர்வு இல்லை. புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நன்றாகக் காய்ச்சினாலும் அலர்ஜி போகாது. தெருவில் விற்கும் கழுதைப்பாலும் வேண்டாம்.

* பிஸ்கட், ரெடிமேட் கஞ்சி மாவு, பால்கோவா எல்லாவற்றிலும் பால் இருக்கும். பாக்கெட்டில் அலர்ஜி விவரத்தைப் படியுங்கள்.

* தாய்ப்பாலை நீங்களாக நிறுத்த வேண்டாம். அம்மா பால் பொருட்களைத் தவிர்க்க வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு சில வருடங்களில் பால் அலர்ஜி தானாகவே விலகிவிடும். எப்போது மறுபடி பால் கொடுத்துப் பார்க்கலாம் என்பதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருமுறை மாறிய உடம்பு மறுபடியும் மாறும் என்பதுதான் இதில் பெற்றோருக்கு நல்ல செய்தி.